விட்டுப்போன புள்ளி

11 டிசம்பர் 2024, புதன்

ஐ.ஐ.டி. மெட்ராஸ் நேற்று அறிவித்த சேதி பேப்பரில் வந்திருக்கிறது. கருநிலைச் சிசுக்களின் மூளைகளை உயிரணு தெரிகிற நுணுக்கத்தில் முப்பரிமாணப் படமாக்கி, 'தரணி' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறார்கள். செய்தது அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம். மொத்தம் 5132 சீவல்கள்! படித்ததும் எனக்கு மணிக்கட்டு வலித்தது. அவர்கள் உறையவைத்து வெட்டுகிறார்கள். நான் மெழுகில் புதைத்து வெட்டியவள். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியிலிருந்து நாடாவாக வரும் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் அடியில் ஸ்லைடைச் சாய்வாக நுழைத்து ஏந்த வேண்டும். பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். நேற்றைய மழைத் தண்ணீர் தெருவில் இன்னும் வடியவில்லை. பொரி உருண்டை கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண், லேப்டாப்பில் நீலமும் ஊதாவுமாக விரிந்திருந்த படத்தைப் பார்த்து, "புடவை டிசைனா மாமி? அழகா இருக்கே" என்றாள். சொன்னேன். "ஐயோ, குழந்தையா?" என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்த 'அழகா இருக்கே'வும் வேண்டும், இந்த 'ஐயோ'வும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் காலண்டர் படம்தான் மிஞ்சும்.

16 டிசம்பர், திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. அயோத்தியா மண்டபம் பக்கம் போய்வந்தேன். கோலமாவு வாங்கினேன்.

கோலத்துக்கும் உயிரணுவுக்கும் பழைய உறவு உண்டு. 1968-ல் லிண்டன்மேயர், இழைப்பாசி போன்றவற்றில் உயிரணுக்கள் பிரிந்து வளர்வதைச் சில விதிகளாக எழுதினார். 1974-ல் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பாடு லிண்டன்மேயரின் விதிமுறையிலேயே கம்ப்யூட்டர் சிக்குக்கோலம் போட்டது. அப்படியிருக்க, மூளையைக் கோலமாகப் போட்டால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

20 டிசம்பர், வெள்ளி

ஹென்ரியெட்டா லாக்ஸின் ஓவியத்தை இன்றும் எடுத்துப் பார்த்தேன். கதிர் நெல்சன் 2017-ல் வரைந்தது. 1951-ல் பால்டிமோரில் அந்தம்மாளின் கர்ப்பப்பைவாய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த உயிரணுக்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் அதே வருஷம் இறந்துபோனார். ஓவியத்தில் பின்சுவர் முழுக்க ஒன்றையொன்று வெட்டிப் பின்னும் வட்டங்கள், நம் கோலம் மாதிரியே. உடையில் இரண்டு பட்டன்களைக் காணோம். எடுக்கப்பட்ட உயிரணுக்களுக்காக விட்ட இடம் அது. நூறு போஸ்டர் ஒட்டினாலும் இந்த இரண்டு பட்டன் செய்கிற வேலையைச் செய்யாது.

22 டிசம்பர், ஞாயிறு

விடியுமுன் போட்டுவிட்டேன். நடுவே வட்டமாகப் புள்ளிகள். அங்கிருந்து வெளிப்பக்கம் கதிர்க்கோடுகள். கருவிலிருக்கும் மாதங்களில் நரம்பணுக்கள் மூளையின் உட்புறம் பிறந்து, கிளையா என்ற துணை உயிரணுக்களின் இழைகளைப் பற்றிக்கொண்டு வெளியே ஏறுகின்றன. பிந்திப் பிறந்தவை முந்திப் பிறந்தவற்றைத் தாண்டிப்போய் உட்காரும். காவி இட்டேன். ஒரு புள்ளியை மட்டும் கம்பி சுற்றாமல் விட்டேன்.

பால் வாங்க வந்த எதிர்வீட்டுப் பெண்ணின் கண் நேரே அங்கேதான் போனது.

"ஒரு புள்ளி விட்டுப்போச்சே மாமி."

"வேணும்னுதான் விட்டேன். அது அந்தக் குழந்தைகளுக்கு."

கொஞ்ச நேரம் நின்றாள். "பெத்தவங்களைக் கேட்டுட்டுத்தான் எடுத்தாங்களா?"

"சம்மதம் வாங்கித்தான்."

"அந்த நேரத்துல எப்படி மாமி போய்க் கேப்பாங்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லேபிள் ஒட்டிய பாட்டில் மேஜைக்கு வந்த பிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். கேட்பவர்களை நான் பார்த்ததே இல்லை.

29 டிசம்பர், ஞாயிறு

தெருக் கோலப்போட்டி. அதையே போட்டேன். நடுவர் குனிந்து பார்த்து, "புள்ளி விட்டிருக்கு" என்று மார்க்கைக் குறைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் மல்லுக்கு நின்றாள்: "சார், அது விட்டுப்போனது இல்ல. கிண்டியில குழந்தைங்களோட மூளையை மெல்லிசாச் சீவி, ஒவ்வொரு செல்லும் தெரியற மாதிரி படம் எடுத்திருக்காங்க. அந்தக் குழந்தைங்களுக்கு வெச்ச புள்ளி." கூடியிருந்தவர்கள் அவளை மொய்த்துக்கொண்டார்கள். ஏன் எடுத்தார்கள், எதற்கு உபயோகம், எங்கே பார்க்கலாம் என்று ஆளுக்கொரு கேள்வி. பாதியை அவளே சமாளித்தாள், மீதிக்கு என் பக்கம் கையைக் காட்டினாள்.

முதல் பரிசு மயிலுக்கு.