தொட்டார், பிறகுதான் சுகமாக்கினார்

பிள்ளைகளே, 'முதலில் நான் திருந்த வேண்டும், பிறகு ஆண்டவர் என்னை நேசிப்பார்' என்ற எண்ணம் உங்கள் வயதில் எளிதாக வந்து ஒட்டிக்கொள்ளும். அரியரை முடிக்கட்டும், கெட்ட பழக்கத்தை விடட்டும், அப்புறம் ஒழுங்காக ஜெபம் பண்ணலாம் என்று ஒத்திப்போடுவீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆராதனை முடியுமுன்னே நழுவிப்போகும் வாலிபர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சொல்லத் தோன்றும்: அன்புதான் முதலில் வருகிறது, தம்பி. திருந்துவது அதற்குப் பின்னால் வரும்.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குஷ்டரோகி ஒருவன் இயேசுவின் முன்னால் முழங்காலில் விழுகிறான். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தின்படி அப்படிப்பட்டவன் கிழிந்த உடையோடு, தான் தீட்டுள்ளவன் என்று தானே கூவிக்கொண்டு திரிய வேண்டும். ஊருக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனைத் தூரத்தில் இருந்தே ஒரு வார்த்தையால் சுகமாக்கியவர் இயேசு. இவனுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் கையை நீட்டி அவனைத் தொட்டார்; அதற்குப் பிறகுதான் வார்த்தை வந்தது. நோய் உடம்பில் இருக்கும்போதே தொட்டார்.

அதற்குப் பின் நடந்ததையும் வாசியுங்கள். சுகமானவன் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிய, இயேசுவால் வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போக முடியாமல், ஆளில்லாத இடங்களில் தங்க வேண்டியதாயிற்று. வெளியே கிடந்தவன் உள்ளே போனான். உள்ளே இருக்க வேண்டியவர் வெளியே நின்றார். கடைசியில் சிலுவை நாட்டப்பட்டதும் எருசலேமின் நகர வாசலுக்கு வெளியேதான். நம்முடைய இடத்துக்குத் தாம் வந்து, தம்முடைய இடத்தை நமக்குத் தருகிற அன்பு இது. நாம் நல்லவர்களாகும்வரை கிறிஸ்து காத்திருக்கவில்லை என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அழுத்திச் சொல்வதும் இதையே.

இந்த அன்பைப் பெற்றவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதற்கு வேலூரிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய அப்பா 1929இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான் சூடும் காயமும் அந்த விரல்களைத் தின்கின்றன என்று அவர் கண்டறிந்தார். நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார்.

ஒருநாள் ஒரு இளைஞனின் தோளில் கைபோட்டுக்கொண்டு, சிகிச்சையைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவன் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். தவறாக ஏதாவது சொல்லிவிட்டேனோ என்று பதறி, மொழிபெயர்த்த அம்மாவிடம் கேட்டார். பல வருஷமாக ஒருவரும் அவனைத் தொட்டதே இல்லை, அதனால்தான் அழுகிறான் என்று பதில் வந்தது. அவனுக்கு அறுவை சிகிச்சை இனிமேல்தான். அதற்கு முன்பே அந்தக் கை அவன் தோளில் இருந்தது.

இந்த அன்பு நம்மைக் கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடும் என்றும் நினைக்காதீர்கள். விரல் நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, 'இந்தக் கையைப் பார்த்தால் யாரும் பிச்சை போடுவதில்லை, வேலையும் தருவதில்லை' என்று முறையிட்டார்கள். பிராண்ட் கல்லூரி வளாகத்திலேயே அவர்களுக்குச் சிறு குடியிருப்பு ஒன்றை அமைத்து, தச்சு வேலை கற்றுக்கொள்ள வழி செய்தார். ஆண்டவரின் அன்பும் அப்படித்தான் வேலை செய்யும். மன்னிப்போடு நிற்காமல், பிழைக்கும் வழியைக் காட்டி, கூடவே இருந்து பழக்கும். அதில் கொஞ்சம் வலி இருக்கும்; அதற்குப் பயந்து விலகிவிடாதீர்கள்.

ஆகையால் இரண்டு காரியம் கேட்கிறேன். வெட்கம் போகட்டும் என்று காத்திராமல், வெட்கத்தோடேயே இன்று இரவு ஜெபம் பண்ணுங்கள். செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பவர் உங்களைத் தொடத் தயங்குகிறவர் இல்லை. அடுத்தது, உங்கள் ஹாஸ்டலிலோ வகுப்பிலோ யாரும் பக்கத்தில் உட்காராத ஒருவர் இருப்பார். அவர் மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளை சாப்பாட்டு வேளையில் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஆண்டவர் அன்புள்ளவர் என்று அவரிடம் நீங்கள் என்றாவது சொன்னால், அவர் நம்புவதற்கு அது ஒரு காரணமாக இருக்கும்.