ஆஸ்பத்திரி என்றாலே பயந்த காலம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

கொரோனா காலத்துப் பாதிப்பு என்றால் எல்லோரும் பிள்ளைகளின் படிப்பைத்தான் சொல்வார்கள். 2020 மார்ச்சில் பூட்டிய பாடசாலை, சூம் வகுப்பு, சிக்னல் தேடி மொட்டைமாடி ஏறிய பிள்ளைகள். படிப்பை எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிட்டோம். மனசுக்கு நடந்ததை இன்னும் பேசவில்லை.

நம்மவர்களுக்கு அந்த நோயில் இரண்டு பயம் இருந்தது. மௌத்தாகிவிடுவோமோ என்பது ஒன்று. மௌத்தானால் எரித்துவிடுவார்களே என்பது மற்றது. அடக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அதன்பிறகு இரண்டாவது பயம் முதலாவதை விழுங்கிவிட்டது. டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பிள்ளையை எரித்த செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பொரளை கனத்தை மயான வாசலில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் மற்ற மதத்தவர்களும் இருந்தார்கள். அதையும் மறக்கக் கூடாது.

என் மாமிக்கு சீனி வருத்தம். அந்தக் காலத்தில் கிளினிக்குக்குப் போவதையே விட்டுவிட்டார். “மகள், எனக்கு இருமல் என்டு வெளிய சொல்லிராதீங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டு சொல்வார். காலில் வந்த புண்ணையும் மறைத்தார். இன்றைக்கும் காய்ச்சல் என்றால் முதலில் கேட்பது, “வாட்டில நிப்பாட்டுவாங்களா?” என்றுதான். சட்டம் எப்போதோ மாறிவிட்டது. அவருடைய நெஞ்சுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

என்னிடம் படிக்கும் ஒரு பையன். அடையாளம் வேண்டாம். அவனுடைய மூத்தம்மாவை அந்த நாட்களில் எரித்தார்கள். மற்றப் பிள்ளைகள் ஜும்ஆ முடிந்து மையவாடிக்கு ஸியாரத் போவார்கள், இவன் போவதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “எங்கட ஆள் அங்க இல்லையே டீச்சர்” என்றான்.

ஆசிரியர் கலாசாலையில் உளவியல் படித்தபோது இழப்பைப் பற்றியும் படித்தோம். எனக்கு அது விளங்கியது இந்தப் பையனிடம்தான். குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழுவிப்பது, மூன்று பிடி மண் போடுவது எல்லாம் மையித்துக்குச் செய்யும் கடமைகள். அவற்றைச் செய்யும்போதுதான் நம் கைகளும் அந்த மௌத்தை ஒப்புக்கொள்கின்றன. அது நடக்காத வீட்டில் மௌத்து முடிவதில்லை. 2021 மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க விட்டார்கள். ஒரு வருடம் நாட்டின் பல பகுதிகளுக்கும் அதுதான் இடம். 3,000க்கும் அதிகமானோர் அங்கே இருக்கிறார்கள், எல்லா மதத்தவரும். எவ்வளவு தூரமானாலும் போய் நின்று அழ அந்தக் குடும்பங்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. அதற்கு முந்திய பதினொரு மாதத்தில் இழந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லது. ஆனால் அந்த வீடுகளுக்கு நாம் போய் என்ன சொன்னோம்? “ஸபுர் செய்யுங்கள்” என்றோம். சொல் சரிதான், ஆனால் பல இடங்களில் அதை வாயை மூடும் மூடியாகத்தான் பாவித்தோம். அழகிய பொறுமை என்று சொன்ன யஃகூப் நபிதான் மகனுக்காக அழுது கண்பார்வை இழந்தார்கள். அவர்களின் ஈமானை யாரும் குறை சொல்வதில்லையே?

தூக்கம் இல்லாமல், காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து, மௌத்துப் பேச்சு வந்தாலே எழுந்து போகிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தண்ணீர் ஓதிக் கொடுங்கள். கூடவே டொக்டரிடமும் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. அதற்கு அழைத்தால் “பைத்தியம்” என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். மௌலவிமார் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசினால், நான் நூறு பதிவு எழுதுவதை விட அது பெரிது.

வாசித்தவர்கள் அந்தப் பையனின் மூத்தம்மாவுக்கு ஒரு துஆ கேட்டுவிட்டுப் போங்கள்.