மானாமதுரையில் மண்ணைக் கவ்வினேன்!

சமையலறையை இடித்துக் கட்டுகிறேன் பேர்வழி என்று, கொத்தனார் முதல் நாளே உடைத்தது அம்மாவின் மீன்குழம்புச் சட்டியை! இருபது வருஷத்துச் சட்டி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமே.

"நானே செஞ்சு தர்றேம்மா!" வீராப்பாகச் சொல்லிவிட்டு மதுரையில் ராமேஸ்வரம் ரயிலைப் பிடித்தேன். வைகைக் கரையில் மானாமதுரை. கச்சேரிக் கடம் பிறக்கிற ஊர். 2023-ல் இவ்வூர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெரியவர் ஒருவர் சக்கரத்தைச் சுழற்றி, "கையை வைங்க தம்பி" என்றார். வைத்தேன். சட்டி சாஷ்டாங்கமாக விழுந்து என்னைச் சேவித்தது! ஐந்தாவது தடவை அதற்கு ஒரு காது முளைத்தது.

"ஆபீஸ் ஃபைல் மாதிரி தள்ளாதீங்க. மண்ணு நடுவுல நிக்கணும். அப்புறம் தானா எழும்பும்."

இன்னொரு ஆச்சரியம்... சக்கரத்திலிருந்து அவர் அறுத்தெடுத்த பானைக்கு அடியே இல்லை! உள்ளே கல், வெளியே மரப்பலகை. தட்டித் தட்டித்தான் அடியை மூடுகிறார். கடத்துக்கென்றால் ஆயிரக்கணக்கில் தட்ட வேண்டுமாம்.

சாயங்காலம் மானத்தோடு அவரிடமே ஒரு சட்டி வாங்கிக்கொண்டேன்.

அம்மா சுண்டிப் பார்த்தாள். 'ணங்!' "நீ செஞ்சதாடா?"

பொய் வரவில்லை. பையிலிருந்து, சூளையே பார்க்காத என் கோணல் கிண்ணத்தை எடுத்து நீட்டினேன்.

சட்டி கஞ்சித் தண்ணீரில் பழகிக்கொண்டிருக்கிறது. புது மேடையில் முதலில் ஏறியது என் கோணல்தான். அம்மா அதில் தீப்பெட்டி வைத்திருக்கிறாள்!