பிசியோதெரபி படிக்கப்போகும் மருமகளுக்கு

பர்மிங்காம்



பி.யு.சி. தேறி, பிசியோதெரபிப் பட்டப்படிப்பில் சேர நிச்சயித்திருப்பதாகவும், படித்து முடித்தபின் வார்டுக்குப் போகாமல், வெளிநோயாளிகள் வந்து சிகிச்சை பெற்றுத் திரும்பும் ஓ.பி. பிரிவிலேயே உத்தியோகம் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த உத்தியோகமே எனக்கு இந்த ஊரில் ஜீவனம் என்பதால் என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். இதே யோசனையில் இருக்கும் பிள்ளைகள் நம் பெங்களூர் லிங்கராஜபுரத்திலும் தமிழ்நாட்டிலும் பலர் இருப்பார்கள் ஆகையால், பத்திரிகையின் வாயிலாகவே பதில் எழுதுகிறேன்.

வார்டு நோயாளி இரவும் பகலும் ஆஸ்பத்திரியின் பராமரிப்பில் இருக்கிறார்; ஓ.பி. நோயாளியோ, வாரத்தின் 168 மணி நேரத்தில் அரை மணியோ முக்கால் மணியோ நம் எதிரில் இருந்துவிட்டு, எஞ்சியதையெல்லாம் தம் வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் அடுப்படியிலும் கழிக்கிறார். இறுகிப்போன தோள் இளகுவதும், வலுவிழந்த தொடைத் தசை மீண்டும் உரம் பெறுவதும் அந்த எஞ்சிய நேரத்தில் அவர் தாமே செய்யும் அப்பியாசத்தைப் பொறுத்திருப்பதால், இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் கற்பிக்கும் வேலை என்றே நான் கருதுகிறேன். சரீர சாஸ்திரத்தை எவ்வளவு கரைத்துக் குடித்திருந்தாலும், வலிக்கும் காலை அசைத்தால் கேடு வந்துவிடும் என்று அஞ்சும் ஒரு பாட்டியின் அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு, அவர் மனம் ஒப்பும்படி பேசத் தெரியாதவர் இந்தத் தொழிலில் சோபிக்க மாட்டார்.

நம் ஊரில் பிசியோதெரபிஸ்டைக் ‘கரண்ட் வைக்கிறவர்’ என்றே ஜனங்கள் அறிவார்கள். படுக்கவைத்து, இயந்திரத்தை மாட்டி, பத்து நிமிஷம் விட்டால் வலி போய்விடும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மூட்டுத் தேய்மானத்தைப் பற்றி இங்கிலாந்தின் நைஸ் என்னும் அரசாங்க ஸ்தாபனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளோ, அந்த நோயாளிகள் எல்லோருக்கும் அவரவர் தேவைக்கேற்ற உடற்பயிற்சியை விதித்துவிட்டு, அல்ட்ராசவுண்ட் முதலிய மின் சிகிச்சைகளைக் கொடுக்க வேண்டாம் என்று திட்டமாகவே சொல்கின்றன. கரண்ட் கேட்டு வருகிறவரிடம் இதை எடுத்துரைத்து, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை நாள்தோறும் செய்யவைப்பது சிரமமான காரியம். இயந்திரத்தை மாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது சுலபம். வருமானத்தைக் கருதிச் சுலபமான வழியில் போகும்படி உன்னை எவரேனும் வற்புறுத்தினால், அந்த இடத்தில் நெடுநாள் தங்காதே.

கற்பிப்பது எவ்வளவு பெரிய சிகிச்சை என்பதற்கு உன் ஊரிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் உள்ள வேலூரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. குஷ்டநோயால் நரம்பு செத்து, விரல்கள் கொக்கிபோல் மடங்கிப்போன கைகளுக்கு, 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்டு அங்குள்ள கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தசைநார்களை இடம் மாற்றி வைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். வேறொரு வேலைக்குப் பழகிய தசை, தையல் பிரித்ததும் புதிய வேலையைத் தானாகச் செய்துவிடுவதில்லை. அறுவைக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்காகப் பயிற்சி கொடுத்து, மூளைக்கு அந்தப் புதுப் பாடத்தைப் புகட்டினால்தான் கை கையாகும். அதே ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு சேதமுற்று, இரு கால்களும் செயலிழந்த பின்னும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அத்தகைய கைகளுக்கு அறுவை செய்தவர். பின்னர் நியூயார்க் சென்று ஹோவர்டு ரஸ்கின் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 

வேலூர் வரைகூடப் போக வேண்டாம். உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஹென்னூர் ரோட்டை அடுத்த ஹட்சின்ஸ் ரோட்டில், ஏ.பி.டி. என்று எல்லோரும் அழைக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கம் இருக்கிறது. தாமும் மாற்றுத்திறனாளியான என்.எஸ். ஹேமா அம்மையார் 1959-இல் ஆரம்பித்த ஸ்தாபனம் அது. பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, குழந்தைகளுக்கு இளம் பருவத்திலேயே அளிக்கும் சிகிச்சை என்று பல கிளைகளாகப் பரந்து வளர்ந்திருக்கிறது. கல்லூரி திறக்கும் முன் அங்கே அனுமதி கேட்டுச் சில நாள் உட்கார்ந்து பார். குழந்தையின் விறைத்த காலை எப்படிப் பிடிப்பது, எந்த நிலையில் உட்காரவைத்துச் சோறு ஊட்டுவது என்று ஒரு தாய்க்கு ஒரே விஷயத்தை எத்தனை விதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் உனக்கு ஆசை குறையாமல் இருந்தால் தாராளமாகச் சேர்.

லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்ததை நீ ஒரு பாக்கியமாகவே கருத வேண்டும். வீட்டில் தமிழும், கடையில் கன்னடமும், அடுத்த தெருவில் உருதுவும் தெலுங்கும் மலையாளமும் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைக்கு, நோயாளியின் பாஷையிலேயே அவர் வலியை விசாரிக்கும் வல்லமை பிரயாசையின்றிக் கிட்டிவிடுகிறது. அந்தத் தெருக்களில் பழகிய உருதுதான், இங்கே பாகிஸ்தானிலிருந்து குடியேறிய முதிய பெண்மணிகளிடம் நான் பேசுவதற்கு இன்றைக்கும் உதவுகிறது. பாஷையைப் போலவே பழக்கவழக்கமும் முக்கியம். முழங்கால் 120 பாகை மடங்கினால் நாற்காலியிலும் மாடிப்படியிலும் காலம் தள்ளும் இவ்வூர்க்காரருக்குப் போதும். சப்பணமிட்டுச் சாப்பிடவும், தொழுகையில் மண்டியிடவும், குந்தி உட்கார்ந்து அரிசி களையவும் வேண்டியவருக்கு அது போதாது. ஆகவே, ‘எவ்வளவு மடங்குகிறது?’ என்று அளப்பதற்கு முன் ‘வீட்டில் எதைச் செய்ய முடியவில்லை?’ என்று கேள்.

சட்ட நிலையைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். நம் தேசத்தில் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல்தான் நிறைவேறியது. இங்கிலாந்திலோ 1894-இல் நான்கு நர்சுகள் கூடி ஆரம்பித்த இத்தொழிலின் சங்கம் 1920-இலேயே அரச சாசனம் பெற்றுவிட்டது. பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்ற விவாதத்தில் உன் இளமையைச் செலவிடாதே. சிறிய கிளினிக்குகளில் ஆரம்பச் சம்பளம் சொற்பமாகவே இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள். பிற்காலத்தில் இங்கு வர விரும்பினால், எச்.சி.பி.சி. என்னும் பதிவு மன்றம் உன் பாடங்களையும் பயிற்சி மணி நேரங்களையும் ஆராய்ந்த பின்பே அனுமதி தரும். ஆகையால் சான்றிதழ்களையும் பாடத்திட்டப் பிரதிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்.

நேரே ஓ.பி.யில் சேரலாமா என்ற உன் கேள்விக்கு, இரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்பு, நரம்பு வார்டுகளில் இருந்துவிட்டு வா என்பதே என் பதில். முதுகுவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பயப்பட ஒன்றும் இராது. ஆனால் நம் தேசத்தில் முதுகெலும்பு க்ஷயமும் அதே வலியாகத்தான் வரும், வேறிடத்தில் தோன்றிப் பரவிய புற்றுநோயும் அப்படியே வரும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மாலைக் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு ஆகியவற்றை விசாரியாமல் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர் நோயாளிக்கு மாதக்கணக்கில் நஷ்டம் செய்துவிடுவார். வார்டில் அந்த வியாதிகளைக் கண்ணால் கண்டிருந்தால்தான் ஓ.பி.யில் வாசல் தாண்டி வரும்போதே சந்தேகம் தட்டும். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னை அறியாமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போயிருந்தாலோ, அது அவசர அறுவைக்குரிய நிலை. பெண்கள் கூச்சத்தால் அதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீயே கேட்க வேண்டும், கேட்டு அறிந்த அந்த மணி நேரத்திலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும்.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா