ஏறி இறங்கும் இடம்

முதல் தடவை வண்ணம் பூசியபோது அந்த டாங்கியை நான் எரித்துவிட்டிருந்தேன். டரட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கரி. என்ஜின் மூடிகளின் இடுக்கிலிருந்து புகை மேலேறிய தடம், வெப்பத்தில் பெயிண்ட் வெந்து உரிந்த இடத்தில் சாம்பல் நிறம், அதன் ஓரத்தில் புதுத் துருவின் செம்மஞ்சள். அதற்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது. நெருப்பு பட்ட இரும்பு எப்படி நிறம் மாறும் என்று தெரிந்துகொள்ள, பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்த எரிந்த ஆட்டோவின் கூட்டைப் பல மாலைகள் போய் நின்று பார்த்தேன். நான் செய்த மாதிரிகளிலேயே அதுதான் சிறந்தது என்று அன்றைக்கு நம்பினேன். கைவேலை என்ற அளவில் இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

அது 35-இல் ஒரு பங்கு அளவிலான செஞ்சூரியன் டாங்கி. பிரிட்டன் இரண்டாம் உலகப்போருக்காக அதை வடிவமைத்தது, ஆனால் 1945-இல் முதல் வண்டிகள் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே போர் முடிந்துவிட்டது. பிறகு இந்தியா உட்படப் பல நாடுகள் அதை வாங்கின. நிஜ டாங்கியின் எடை ஐம்பது டன்னுக்கு மேல். உடம்பின் நீளம் ஏழரை மீட்டரைத் தாண்டும். என் மேசையில் அது இருபத்திரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. உயரமான மனிதனும் இந்த உலகத்தில் ஐந்து சென்டிமீட்டர்தான்.

இந்த 35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கி மாதிரி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காக உடம்பின் அகலத்தை முடிவு செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. பேட்டரிக்காக வந்த அந்த அளவையே பிறகு உலகமெல்லாம் வழக்கமாக எடுத்துக்கொண்டது. மோட்டார் வைக்கும் வழக்கம் குறைந்துவிட்டது, அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நான் எரித்தது ஏதோ ஒரு செஞ்சூரியனை அல்ல. ‘ஃபமகுஸ்தா’ என்று பெயரிட்ட டாங்கி அது. சைப்ரஸ் தீவின் ஒரு துறைமுகத்தின் பெயர். 1971 டிசம்பர் 16 அன்று, ராவியின் துணையாறான பசந்தரின் கரையில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் செகண்ட் லெஃப்டினன்ட் அருண் கேதர்பால் அதில் இருந்தார். வயது 21. படையில் சேர்ந்து ஆறு மாதம். முந்தைய இரவு கண்ணிவெடி புதைத்த நிலத்தில் பொறியாளர் படை பாதை திறந்துகொண்டிருந்தது. வேலை முடிவதற்குள் எதிர்ப்பக்கம் டாங்கிகள் நடமாடும் செய்தி வரவே, மீதி நிலத்தைப் பூனா ஹார்ஸ் அப்படியே கடந்து போனது. மறுநாள் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளோடு நேருக்கு நேர் நின்ற சண்டை. கேதர்பாலின் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. வெளியேறச் சொல்லி வானொலியில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அடுத்த குண்டில் உயிர் போனது. அன்று மாலையே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அவருக்குப் பரம் வீர் சக்கரம் இறப்புக்குப் பின் வழங்கப்பட்டது.

இந்தக் கதையைப் படித்த யாருக்கும் கண்ணில் நிற்பது அந்தத் தீதான். எனக்கும் அப்படித்தான். அந்தத் தீயைச் செய்ய வேண்டும் என்றுதான் கிட்டை வாங்கினேன்.

வேலையின் முதல் பாதியை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டி, வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்து, இணைப்புக் கோடுகளில் மக்கு வைத்து, மறுபடி தேய்க்கும் வேலை. சங்கிலிப் பட்டைக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு நூறு கண்ணிகளுக்கு மேல். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து கண்ணிகள் என்று கோத்தேன். செஞ்சூரியனின் சக்கரங்களைப் பக்கத் தகடுகள் பாதி மறைத்துவிடும். மறையும் பாகத்தை விட்டுவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பாது. மறைந்திருக்கிற சக்கரமும் சக்கரமாக இருக்க வேண்டும்.

எரித்து முடித்த டாங்கியை அப்பாவிடம் காட்டினேன். அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே 1965-இல் முதல் விஜயந்தா வெளிவந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். வேலைக்குச் சேர்ந்த பிறகு பல வருடம் அவர் கை பட்டதெல்லாம் விஜயந்தா, அப்புறம் டி-72. விஜயந்தாவை வடிவமைத்த விக்கர்ஸ் நிறுவனம் செஞ்சூரியனையும் தயாரித்ததுதான். அதனால் என் மேசையில் இருந்தது அவருக்கு ஒருவகையில் பழகிய வண்டியின் அண்ணன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கரியைப் பார்த்தார், துருவைப் பார்த்தார். டாங்கியைத் திருப்பி மேல் மூடியைப் பார்த்தார். நான் அதை மூடியே ஒட்டியிருந்தேன்.

“உள்ள இருந்தவங்க வெளிய வந்துட்டாங்களாம்மா?” என்றார்.

என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. கதை அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். தொழிற்சாலையில் டாங்கியின் உள்பக்கம் பெயிண்ட் அடிப்பதுதான் அவருக்குப் பிடிக்காத வேலையாம். வெளியே பச்சை அடிக்க இடமும் காற்றும் உண்டு. உள்பக்கம் வெளிர்நிறம், சின்ன பல்பின் வெளிச்சமும் பரவ வேண்டும் என்பதற்காக. முகமூடி கட்டிக்கொண்டு, கமாண்டர் உட்காரும் இடத்தில் குந்தி, எட்டாத மூலைக்கெல்லாம் பிரஷை நீட்ட வேண்டும். “முட்டி எங்க இடிக்கும், தலை எங்க இடிக்கும்னு எங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அப்புறம்தான் அந்தப் பசங்களுக்கு.” அவ்வளவுதான் சொன்னார். டாங்கியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதை அலமாரியில் வைத்தேன். அடுத்த இரண்டு மாதம் அதைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த மூடிய மூடி கண்ணில் பட்டது. உடம்பு எரிந்திருக்கிறது, மூடி மூடியிருக்கிறது. உள்ளே நான்கு பேர் இருக்கிற ஒரு பெட்டியைத்தான் ஐந்து வாரம் அழகுபடுத்தியிருக்கிறேன் என்பது அப்பா கேட்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நாட்களில்தான் கேதர்பாலின் தந்தையைப் பற்றி மறுபடி படித்தேன். அவரும் படையில் பிரிகேடியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2001-இல், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து, நாள் முழுக்கக் கவனித்துக்கொண்டவர் அந்நாட்டுப் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு நாசர் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். பசந்தரில் உங்கள் மகனோடு மோதியவன் நான், அவர் என் கையால்தான் இறந்தார் என்று. முன்பு இதைப் படித்தபோது நாசரின் துணிவுதான் மனதில் நின்றது. இந்த முறை அந்தத் தகப்பனைத்தான் நினைத்துக்கொண்டேன். மகனின் கடைசி நிமிடங்களைத் தெரிந்துகொள்ள முப்பது வருடம். அவர் கண்ணில் மகனின் டாங்கி எப்படி இருந்திருக்கும்? எரிகிறபடியாகவா இருந்திருக்கும்?

மாதிரியை மறுபடி வண்ணமடிக்க முடிவெடுத்தேன். அதே டாங்கி, அதே நாள். ஆனால் காலையில், சண்டைக்கு முன்னால்.

அக்ரிலிக் பெயிண்டை உரிக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். தட்டில் ஊற்றி, டாங்கியைக் கிடத்தி, அரைமணி நேரம் கழித்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்தால் நிறம் கூழாக வழிந்துவரும். கரி முதலில் போனது. பிறகு துரு, அதற்கடியில் பச்சை, கடைசியில் பிரைமரின் சாம்பல். ஒரு விளக்கின் காவல் கம்பி உடைந்தது. வானொலிக் கம்பிகள் இரண்டும் போயின. நெகிழிச் சட்டத்தின் துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகும்போது இழுத்து, முடி போன்ற புதுக் கம்பிகளைச் செய்தேன். மேல் மூடியை மட்டும் மெல்லிய பிளேடால், பசை விட்டுக் கொடுக்கும்வரை நெம்பி நெம்பித் திறந்தேன். ஒரு மாலை முழுக்க அந்த ஒரு மூடிக்கே போனது.

பச்சைக்கு வருவோம். சிறிய பொருளின்மேல் நிஜப் பெயிண்டின் நிறத்தையே பூசினால் அது கறுத்துத் தெரியும். நிஜ டாங்கியை நாம் தள்ளி நின்று பார்க்கிறோம், இடையில் காற்றும் தூசியும் இருக்கின்றன, நிறம் கொஞ்சம் வெளுத்துத்தான் கண்ணுக்கு வருகிறது. ஆகவே மாதிரிக்கு நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கவைக்க வேண்டும். பாசிப்பயறின் தோல் நிறத்தில் தொடங்கி, சொட்டுச் சொட்டாக இளமஞ்சள் சேர்த்துக்கொண்டே போனேன். வெயிலில் நேராக நிற்கும் மேல்தளங்களுக்கு இன்னும் ஒரு சொட்டு, பக்கங்களுக்கு ஒரு சொட்டு குறைவு.

இங்கே ஒரு தடங்கல். ஐப்பசி மழைக்காலம். டீகால் என்ற ஒட்டுப்படங்களை ஒட்டுவதற்குமுன் பளபளப்பான லாக்கர் வார்னிஷ் அடிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு ஈர மாலையில் அடித்தேன். காலையில் பார்த்தால் டாங்கிமேல் பால் படிந்ததுபோல் வெளுப்பு. அப்பாவுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. வார்னிஷ் காயும்போது குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தொழிற்சாலையிலும் மழைக்காலத்தில் இதே தொல்லைதான் என்றார். மெதுவாகக் காயும் தின்னரை வாங்கிவரச் சொன்னார். மழை விட்ட ஒரு நண்பகலில் அதை மெல்லிய புகையாக அடித்தபோது வெளுப்பு கண்முன்னே கரைந்துபோனது. அன்றிலிருந்து தினமும் மாலையில் மேசைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார்.

மண் அவருடைய பகுதி. மராமத்துக்காகத் திரும்பிவரும் டாங்கிகளின் அடிவயிற்றில் காய்ந்த மண் ஒட்டியிருக்குமாம். அதைச் சுரண்டிக் கழுவின பிறகுதான் பெயிண்ட். சுரண்டும்போதே வண்டி எங்கிருந்து வருகிறது என்று பேசிக்கொள்வார்களாம். ராஜஸ்தான் மண் உதிர்ந்துவிடும், வெளிறிய நிறம். பஞ்சாப் பக்கத்து ஆற்று வண்டல் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் சாம்பல் கலந்த பழுப்பு. “அது சக்கரத்துக்குப் பின்னாடி கட்டிகட்டியா நிக்கும், மேல ஏறாது” என்று விரலால் காட்டினார்.

பூந்தொட்டி மண்ணைச் சலித்துப் போடலாமா என்று கேட்டேன். அவரே மறுத்தார். நியாயம்தான். கால் மில்லிமீட்டர் மணல் துகள் இந்த அளவில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சரளைக்கல்லாகிவிடும். ஒரு மில்லிமீட்டர் தடிப்பாகச் சேற்றை அப்பினால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் சேறு. சுண்ணக்கட்டி வண்ணங்களை உப்புத்தாளில் உரசி மாவாக்கி, வெள்ளை ஸ்பிரிட்டில் குழைத்து, அவர் காட்டிய இடத்தில் மட்டும் தொட்டு வைத்தேன். காயக்காய மேலே இன்னொரு நிறம். இரவு முழுக்க ஆற்றங்கரையில் ஊர்ந்து வந்த வண்டிக்கு அடியில் ஈரமும் மேலே உலர்ந்த தூசியுமாக இருக்க வேண்டும்.

டீகால் தாளில் எனக்கு வேண்டிய இந்தியக் குறிகள் எதுவும் இல்லை. பெயரை நானே அச்சிட்டுக்கொண்டேன். ஒட்டிய ஈரம் காய்வதற்குள் அப்பா எழுத்துக்கூட்டிப் படித்தார். ஃ, ப, ம, குஸ், தா.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த அன்று அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்த மூடிக்கு மேலே பார்த்தார். அதற்குள் இடுப்புவரை தெரியும் சின்ன ஆளை நிறுத்தியிருந்தேன். முகத்தில் எதுவும் வரையவில்லை, தோல் நிறமும் ஒரு நிழலும் மட்டும்.

“இவங்க எப்படி ஏறினாங்க?” என்றார்.

புரியாமல் பார்த்தேன். முன்பக்கத் தகட்டைத் தொட்டுக் காட்டினார். இங்கே ஒரு கால். இங்கே கை. அடுத்தது இந்த விளிம்பு, பிறகு டரட்டின் இந்தப் பிடி. நான்கு பேர், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. புது வண்டி வந்து ஆறே மாதத்தில் அந்த இடங்களில் பச்சை தேய்ந்து இரும்பு பளபளக்கும் என்றார். அடிச்சுவடு மாதிரி தெரியும். என் டாங்கியில் அப்படி ஒரு இடமும் இல்லை.

4பி பென்சில் ஒன்றைச் சீவினேன். முனையை உப்புத்தாளில் தட்டையாக்கி, கரியை விரல்நுனியில் எடுத்து, முன்தகட்டின் அந்த முதல் படியில் மெல்லத் தேய்த்தேன். இரும்பின் மினுப்பு வந்தது. அப்புறம் கைப்பிடி. அப்புறம் மூடியின் விளிம்பு, ஒருவர் கையூன்றி வெளியே எழும் இடம்.

“அங்க இன்னும் கொஞ்சம்” என்றார் அப்பா. “அங்கதான் எல்லாரும் பிடிப்பாங்க.”