நடுவுல ஒரு ஆளு

கல்வராயன் மலையில வெள்ளிமலை தாண்டி உள்ள போனா போன்ல கோடு ஒண்ணொண்ணா குறையும். டவர் அலை வெட்டவெளியில போனாலே, தூரம் ரெண்டு மடங்கானா பலம் கால்வாசி ஆயிடும். குறுக்க மலை நின்னா கேட்கவே வேணாம்.

மேல மரவள்ளி போடுற என் கூட்டாளி வீடு பள்ளத்துல இருக்கு. வீட்டுக்கு மேல உள்ள பாறையில மட்டும் சிக்னல் வரும். அவர் மகன் ஒரு பழைய போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு அங்க வச்சான். பாதி வழியில ஒரு வைஃபை ரிப்பீட்டர் பெட்டி, அதுக்கு ஒரு பேட்டரி. இப்ப வீட்டுக்குள்ளயே வாட்ஸ்அப் வருது.

"பாறைகிட்ட பறக்குது, வீட்டுக்கு வந்தா ஊருது, ஏம்ப்பா?"ன்னு கேட்டார். எனக்குப் பரண் காவல்தான் ஞாபகம் வந்துச்சு. பன்னிக்குக் காவல் இருக்குற ராத்திரியில மேல் பரண்ல கத்துறது கீழ் பரணுக்குச் சரியா கேக்காது. நடுப்பரண்காரர் கேட்டுத் திருப்பிக் கத்துவார். கத்துறப்ப அவருக்கு வேற எதுவும் காதுல விழாது. பத்து வார்த்தை போற நேரத்துல அஞ்சுதான் போகும். வாங்குற அலையிலயே திருப்பி அனுப்புற பெட்டியும் அப்படித்தான், வேகம் பாதியாயிடும். வாங்க ஒரு அலை, கொடுக்க வேற அலைன்னு இருந்தா இந்த நஷ்டம் இல்லை.

இன்னொண்ணும் இருக்கு. கீழ் பரண்காரர் மேல இருந்து லேசா விழுந்ததையும் நடுவுல இருந்து வந்ததையும் சேர்த்துக் கேட்டா, தனித்தனியா புரியாததும் புரியும். இப்படி நடுவுல ஒரு ஆளு இருந்தா எவ்வளவு வேகம் வரைக்கும் போகலாம்னு 1979-லயே தாமஸ் கவர், அப்பாஸ் எல் கமால்னு ரெண்டு பேர் கணக்குப் போட்டு எழுதியிருக்காங்கன்னு என் அண்ணன் பையன் சொன்னான். அவன் இன்ஜினியரிங் படிக்கிறான்.

போன மாசம் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு நடுராத்திரியில பிரசவ வலி. வாட்ஸ்அப்ல எனக்கு நாலே வார்த்தை வந்துச்சு. நான் கீழ இருந்து 108-க்கு அடிச்சேன். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. படம் பார்க்கத்தான் வேகம் வேணும், நாலு வார்த்தைக்குப் பாதி வேகமே ஏராளம்.

ஆனா நடுவுல நிக்கிற பெட்டி தன் பேட்டரியைத் தின்னுதான் அடுத்தவங்க சேதியைச் சுமக்குது. அந்தப் பேட்டரியை இப்ப நாலு வீட்டுக்காரங்களும் முறை வச்சு சார்ஜ் போடுறாங்க. இந்த வாரம் யார் முறைன்னு சுவத்துல கரிக்கட்டையில எழுதி வச்சிருக்காங்க.