கம்பியில்லா இணையமும் எங்கள் வீட்டுச் சுவரும்

குளத்தூர் என்பது புதுக்கோட்டை மாவட்டத்து வட்டமொன்றின் பெயராயினும், அவ்வட்டத்தின் தலைமையிடம் கீரனூரிலேயே உள்ளது. பெயர் ஓரிடத்தும் பயன் ஓரிடத்துமாகிய இந்நிலை எங்கள் இல்லத்திற்கும் நேர்ந்தது. ஈராண்டுகட்கு முன் எம் தந்தையார் வீட்டிற்கு வைஃபை இணைப்புப் பெற்றார். ரூட்டர் என்னும் அக்கருவி வருவோர் கண்ணிற் படுமாறு முன்கூடத்தில் இரும்புப் பீரோவின் அருகே வைக்கப்பெற்றது. அஃது எவருக்கு இன்றியமையாததோ, அவர் பின்கட்டில் இருந்தார்.

அவர் எம் அப்பத்தா. சென்ற ஆண்டு முற்றத்தில் வழுக்கி விழுந்தபின் அவரால் நடக்க இயலவில்லை. சிறிய தந்தையார் சிங்கப்பூரில் தொழில் செய்பவர். ஞாயிறுதோறும் இங்கு மாலை ஆறு மணி, அங்கு இரவு எட்டரை ஆகும்பொழுது அவர் திரையில் தோன்றுவார். முன்னெல்லாம் அப்பத்தா முன்கூடத்திற்கு வந்து பேசுவார். இப்பொழுதோ கட்டிலிலேயே கைப்பேசியை ஏந்தியிருப்பார். மகன் முகம் பாதி வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். "வாய் அசையுது, சத்தத்தைக் காணோம், சத்தம் வருது, முகத்தைக் காணோம்" என்று அவர் கூறி வருந்துவார்.

நாங்கள் இணைப்பளித்த நிறுவனத்தாரை நொந்தோம். அவர்கள் அனுப்பிய இளைஞர் ரூட்டரின் பக்கத்தில் நின்று வேகத்தை அளந்து, குறையொன்றும் இல்லை என்று காட்டிச் சென்றார். பின்னர் எம் தந்தையார் கூடுதல் கட்டணம் செலுத்தி வேகத்தை இருமடங்காக்கினார். மடையை அகலப்படுத்தியும் கடைவயல் காய்ந்தது போலவே முடிந்தது.

கோடை விடுமுறைக்கு யான் ஊர் சென்றபோது அப்பத்தா ஒரு வினா வினவினார். "அந்தக் காலத்துல திருச்சி ரேடியோ அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே அய்யா! இது நம்ம வீட்டுக்குள்ளேயே ஏன் வரமாட்டேங்குது?"

பௌதிகம் பயிலும் எனக்கு உடனே விடை கூற இயலாமற் போனதை இங்கு ஒப்புக்கொள்கிறேன். இரவு முழுதும் எண்ணிய பின்னரே விளங்கியது. 1939-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் மத்திய அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. அத்தகைய அலைக்கு எங்கள் வீட்டுச் சுவர் ஒரு பொருட்டன்று. அதனை அனுப்பும் ஆற்றலோ பல்லாயிரம் வாட். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டரே, 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதிற் பாதிக்கும் குறைவு. ரூட்டர் பரப்பும் ஆற்றல் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு என்னும் அளவினதே. முன்னது ஊரழைக்கும் தண்டோரா. பின்னது காதோடு சொல்லும் சொல். ஈரடிக் கனமுள்ள கல்லும் சுண்ணாம்புமாகிய சுவர்கள் மூன்றனை இது கடந்து வருதல் எங்ஙனம்?

மறுநாள் கைப்பேசியில் அலைவலிமையை அளக்கும் செயலி ஒன்றை ஏற்றிக்கொண்டு, சுண்ணக்கட்டியால் தரையெங்கும் எண்களை எழுதலானேன். (கோலம் கெட்டதென்று அன்னையார் சினந்தது வேறு கதை.) முன்கூடத்தில் கழித்தல் 48 டெசிபெல், அப்பத்தாவின் அறையில் கழித்தல் 78. இவ்வளவையில் ஒவ்வொரு பத்தும் பத்திலொரு பங்காகக் குறைதலைக் குறிக்கும். ஆகவே முன்கூடத்து ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கே பின்கட்டை அடைந்தது. பீரோவின் பின்புறத்தில் மட்டும் எண் திடீரென வீழ்ந்தமை கண்டேன். இரும்பு இவ்வலையைத் திருப்பிவிடும், நீர் விழுங்கிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே. எங்கள் வீட்டிலோ பீரோ, நிலைக்கண்ணாடி, நெற்குதிர், நீர்த்தொட்டி ஆகிய அனைத்தும் அவ்வலையின் வழியிலேயே வரிசையாக நின்றன.

ரூட்டரைப் பீரோவின் அருகிலிருந்து அகற்றி, முற்றத்தை நோக்கிய சுவரில் ஆளுயரத்திற்கு மேல் அமைத்தோம். வெளியான முற்றத்தின் வழியே அலை தடையின்றிச் சென்றது. பின்கட்டில் எண் கழித்தல் 70 ஆயிற்று. செலவு ஓர் ஆணி மட்டுமே. ஆயினும் முகம் இடையிடையே உறைந்தது. நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்ற மறுபரப்பி ஒன்றை அப்பத்தாவின் கட்டிலருகே மாட்டினேன். இது என் பிழை. மெலிந்த அலையைப் பெறும் இடத்திலிருந்து மெலிந்ததையே அஃது ஒப்புவிக்கும். நடுவிடத்தில் மாட்டியபோது சற்றுத் தெளிந்தது. எனினும் ஒரே அலைவரிசையில் கேட்டலும் கூறலும் மாறிமாறி நிகழ்தலால் வேகம் பாதியாயிற்று.

இறுதியில் கம்பியில்லாக் கருவிக்குக் கம்பியே துணையாயிற்று. ஈதர்நெட் வடம் 100 மீட்டர் வரை தளர்வின்றித் தரவைக் கொண்டுசெல்லும். எங்களுக்கு வேண்டியதோ 20 மீட்டர். அணில் கடிக்குமென்று தந்தையார் அஞ்சியதால் வடத்தைப் பிளாஸ்டிக் குழாயினுள் இட்டு, தாழ்வாரத்தின் ஓரமாகக் கொண்டுசென்று, பின்கட்டில் இரண்டாவது பரப்பியொன்றைப் பொருத்தினோம். முன்னது 1-ஆம் தடத்தில் இயங்கியமையால், ஒன்றோடொன்று மோதாவண்ணம் பின்னதை 6-ஆம் தடத்தில் அமைத்தேன். அப்பத்தாவின் தலைமாட்டில் எண் கழித்தல் 45.

அந்த ஞாயிறு ஆறு மணிக்குச் சிறிய தந்தையார் தோன்றினார். முகம் உறையவில்லை. அப்பத்தா சிறிது நேரம் ஒன்றும் பேசாது உற்று நோக்கினார். பின், "அந்தக் கையை ஏன்யா கீழேயே வச்சிருக்கே? தூக்கு, பார்ப்போம்" என்றார். அவர் வேறு பேச்செடுத்தார். அப்பத்தா விடவில்லை. மெல்ல உயர்ந்த வலக்கையில் மணிக்கட்டு வரை கட்டுப்போட்டிருந்தது. பணியிடத்தில் அடிபட்டு மூன்று வாரங்கள் ஆயினவாம். மூன்று ஞாயிறுகளிலும் எங்களிடம் பேசியிருக்கிறார்.

"எலும்பு உடையல அம்மா, சதைதான்" என்றார் அவர். "இன்னும் கிட்டக் கொண்டா" என்றார் அப்பத்தா.